யாழ்ப்பாணத்துக்குக் காந்தம் எடுப்பது: கூரியரா, கப்பலா, கொழும்புக் கடையா?

மிளகாய் அரைக்கும் மில்லில் தூள் விழும் வாயில் ஒரு காந்தத் தட்டு இருக்க வேண்டும். நெல் ஆலையில் நெல் இறங்கும் குழாய்க்குள் காந்தக் கம்பி வேண்டும். கால்நடைத் தீவனம் கலப்பவருக்கும் வேண்டும். தகடு வெட்டும் வேலைத்தலத்தில் தூக்கும் காந்தம் ஒன்று இருந்தால் இரண்டு ஆள் வேலை மிச்சம். இவற்றை வெளிநாட்டிலிருந்து நேரே எடுக்கலாமா என்று அச்சுவேலி, சுன்னாகம், பரந்தன் பக்கமிருந்து அடிக்கடி விசாரிக்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். எந்த வழியால் எடுக்கிறோம் என்பதில்தான் காசு போவதும் மிஞ்சுவதும் இருக்கிறது.

பெரும்பாலானோர் முதலில் கேட்பது ‘கிலோவுக்கு ஃபிரைட், அதாவது சரக்குக் கூலி, எவ்வளவு?’ என்று. நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். என்ன காந்தம், எத்தனை கிலோ என்பது முதலில் முடிவாகட்டும். அது முடிவானால் வழியும் பாதி முடிவான மாதிரித்தான்.

முதலில் காந்தத்தைத் தெரிவு செய்யுங்கள்

எங்கள் வேலைகளுக்கு இரண்டு வகைதான் பெரும்பாலும் பொருந்தும். ஒன்று ஃபெரைட், பழைய ஸ்பீக்கரின் பின்னால் கறுப்பு வளையமாக இருப்பது. மற்றது நியோடிமியம், வெள்ளி நிறத்தில் பளபளப்பாக வருவது. ஃபெரைட் மலிவு. அது இரும்பு ஒக்சைட்டைச் சுட்டுச் செய்த பொருள் என்பதால் துருப்பிடிக்காது. 200 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டையும் தாங்கும். ஆனால் இழுவை குறைவு. நியோடிமியம் அதே அளவில் பல மடங்கு இழுக்கும். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்டுபிடித்த கலவை அது. அதில் பெரும்பகுதி இரும்பு, ஆகவே துருப்பிடிக்கும். மேலே பூசிய நிக்கல் படலத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், எங்கள் உப்புக் காற்றில் உள்ளே பொடிந்துபோகும். கடற்கரையை ஒட்டிய மில்லுக்கு வெறும் நியோடிமியக் கட்டியை நான் சொல்ல மாட்டேன். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் அடைத்து, இரண்டு முனையும் மூடி வரும் காந்தக் கம்பிதான் சரி.

சூட்டைப் பற்றியும் கேட்க வேண்டும். நியோடிமியத்தின் தரமாக என்35, என்42, என்52 என்று மட்டும் எழுதியிருந்தால் அது 80 பாகை வரைக்குமான சாதாரண வகை. பின்னால் எம் எழுத்து இருந்தால் 100, எச் இருந்தால் 120, எஸ்.எச். இருந்தால் 150 பாகை. புழுங்கல் நெல்லை உலர்த்தும் இயந்திரத்தின் வாயில் பூட்டப் போகிறவர் இந்த எழுத்தைப் பார்க்காமல் ஓடர் கொடுத்தால், சில மாதத்தில் காந்தம் வெறும் இரும்பாகிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காந்தத்தை உள்ளே வைத்துவிட்டுப் பெட்டியை வெல்டிங் செய்யக் கூடாது. முதலில் பெட்டியை ஒட்டி முடித்து, ஆறவிட்டு, அதன் பிறகு காந்தத்தை உள்ளே தள்ளுங்கள்.

மில்லில் காந்தம் ஏன் வேண்டும் என்று சந்தேகப்படுகிறவர் ஒரு நாள் மாலையில் தட்டைக் கழற்றிப் பார்க்கட்டும். சாக்குத் தைத்த ஊசியின் உடைந்த முனை, மெல்லிய கம்பித் துண்டு, எங்கிருந்து வந்ததென்று தெரியாத வாஷர், எல்லாவற்றுக்கும் மேலே அரைக்கும் தகடு தேய்ந்த இரும்புத் தூள் பூனை மயிர் போல நிமிர்ந்து நிற்கும். அது இல்லாவிட்டால் இவ்வளவும் ஒரு வீட்டுக் கறிச்சட்டிக்குள் போயிருக்கும். அதனால்தான் இந்த விடயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

காந்தத்தின் வகை ஏன் வழியையும் தீர்மானிக்கிறது என்றால், நியோடிமியத்தின் உற்பத்தியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 4ஆம் திகதி சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. டிஸ்ப்ரோசியம், டெர்பியம், சமாரியம் மூன்றும் அந்த ஏழுக்குள் வருகின்றன. அதிக சூடு தாங்கும் எஸ்.எச்., யு.எச். வகைகளில் பெரும்பாலும் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ கலந்திருக்கும். சமாரியம் கோபால்ட் காந்தமும் அந்தக் கட்டுப்பாட்டில் அடங்கும். சாதாரண என்35 வகையில் இவை இல்லாவிட்டால் அனுமதி தேவையில்லை. ஆனால் இல்லை என்பதை விற்பவர் காட்ட வேண்டியிருக்கும். ஃபெரைட்டுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஆகவே ‘பலமானது, சூடு தாங்குவது, நாளைக்கே வேண்டும்’ என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் இப்போது கிடைக்காது. சூடு குறைந்த இடத்துக்குக் காந்தத்தை நகர்த்திப் பூட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். பல மில்களில் முடியும்.

கொழும்பில் வாங்குவது

ஒன்றிரண்டு துண்டு போதும் என்றால் இறக்குமதி என்ற பேச்சே வேண்டாம். வெல்டிங் கோணக் காந்தம், சிறிய தூக்கும் காந்தம், வளையங்கள் எல்லாம் கொழும்பு பழைய சோனகத் தெருவின் ஹார்ட்வெயார்க் கடைகளைச் சுற்றினால் கிடைக்கும். இரவு லொறியில் போட்டால் அடுத்த நாள் யாழ்ப்பாணம் வந்துவிடும். விலை கூடத்தான். ஆனால் வரி, ஃபிரைட், சுங்கத்திலிருந்து சரக்கை எடுக்கும் கிளியரிங் செலவு எல்லாம் அந்த விலைக்குள் அடங்கியிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கொழும்புக் கடையில் குறை ஒன்றுதான்: தரத்தைச் சொல்ல ஆள் இருக்காது. ‘ஸ்ட்ரோங் மெக்னட்’ என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. என்35 ஆ என்52 ஆ என்று கேட்டால் கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். மில்லுக்குப் பூட்டும் அளவான தட்டும் சல்லடைக் காந்தமும் பெரும்பாலும் கையிருப்பில் இருக்காது. அவரும் ஓடர் எடுத்து இறக்கித்தான் தருவார்.

கூரியர்: சின்னப் பொதிக்கு நல்லது, ஒரு நிபந்தனையுடன்

இருபது கிலோவுக்குக் குறைந்த நியோடிமியம் என்றால் என் தெரிவு கூரியர்தான். டி.எச்.எல்., ஃபெடெக்ஸ் போன்றவை சுங்க வேலையையும் தாங்களே பார்த்து வீட்டு வாசல் வரை கொண்டுவருகின்றன. கிளியரிங் ஏஜென்ட் தேடி அலையத் தேவையில்லை.

நிபந்தனை என்னவென்றால், காந்தம் விமானத்தில் ஏறும்போது அது சாதாரண இரும்புச் சாமான் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டாவின் ஆபத்தான பொருட்கள் விதிகளில் காந்தமேற்றிய பொருளுக்கென்றே ஒரு எண் உண்டு: யு.என். 2807, 9ஆம் வகுப்பு. விமானத்தின் திசைகாட்டியைக் குழப்பிவிடும் என்ற அச்சத்தில் வந்த விதி இது. பொதியைக் கட்டி முடித்த பிறகு, அதிலிருந்து 2.1 மீட்டர் தூரத்தில் வைத்த திசைகாட்டியின் முள் 2 பாகைக்கு மேல் விலகாவிட்டால் அது சாதாரணச் சரக்காகப் போகலாம். அதற்கு மேல் விலகினால் அது 9ஆம் வகுப்புப் பொதி. தனி லேபலும் தனிக் கட்டணமும் விழும். 4.6 மீட்டரில் அளக்கும்போதும் காந்தப் புலம் 0.00525 காஸ் என்ற அளவைத் தாண்டினால் விசேட அனுமதி இல்லாமல் விமானத்தில் ஏற்றவே முடியாது.

இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எவ்வளவு பலமான காந்தம் என்பதைவிட எப்படிக் கட்டினார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். வடதுருவமும் தென்துருவமும் எதிரெதிராக வரும்படி மாறி மாறி அடுக்கினால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். இடையில் பிளாஸ்டிக் தகடு, சுற்றிவர மெல்லிய இரும்புத் தகட்டுப் பெட்டி, அதற்கு வெளியே தடித்த நுரை, பிறகு அட்டைப் பெட்டி. இப்படிக் கட்டிய பத்துக் கிலோ நியோடிமியம் பிரச்சினையின்றி ஏறும். ஒழுங்கின்றிக் கொட்டிக் கட்டிய இரண்டு கிலோ திரும்பி வரும். சீனாவின் விமான நிலையங்களில் காந்தச் சோதனை அறிக்கை இல்லாமல் பொதியை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். தினமும் காந்தம் அனுப்பும் நிறுவனத்துக்கு இது பழகிய வேலை. ஆயிரம் சாமான் விற்கும் இணையக் கடைக்குப் பழக்கமில்லை. ஆகவே காசு கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி எழுதிக் கேளுங்கள்: ‘விமானத்துக்கான இரும்புத் தகட்டுப் பொதியும் காந்தச் சோதனை அறிக்கையும் விலைக்குள் அடக்கமா?’ பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கட்டணத்தில் ஒரு கண் வையுங்கள். கூரியர்காரர் நிஜ நிறையையும் பெட்டியின் கன அளவையும் ஒப்பிட்டு எது கூடவோ அதற்குக் காசு எடுப்பார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பதுதான் கூரியரின் வழக்கமான கணக்கு. பத்துக் கிலோ காந்தத்தை 50க்கு 40க்கு 40 பெட்டியில் நுரை வைத்துக் கட்டினால் 80,000ஐ 5000ஆல் வகுத்துப் பதினாறு கிலோ வரும். நீங்கள் கட்டப் போவது பதினாறு கிலோவுக்கு. இரும்புத் தகடு சரியாக வைத்தால் இவ்வளவு நுரை தேவைப்படாது, பெட்டி சிறுக்கும். நல்ல பொதி கட்டுபவர் உங்களுக்கு ஃபிரைட்டையும் மிச்சப்படுத்துகிறார்.

ஃபெரைட்டைக் கூரியரில் எடுப்பது வீண். 150க்கு 100க்கு 25 மில்லிமீட்டர் ஃபெரைட் கட்டி ஒன்றே கிட்டத்தட்ட 1.8 கிலோ வரும். காந்தத்தின் விலையைவிட விமானக் கூலி கூடிவிடும்.

விமானச் சரக்கு

கூரியருக்குப் பெரிது, கப்பலுக்குச் சிறிது என்று நினைப்பவர்கள் கட்டுநாயக்காவுக்கு எயார் கார்கோவாக எடுக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய விருப்பமில்லை. விமான விதி அத்தனையும் இங்கேயும் உண்டு, கிளியரிங் ஏஜென்டுக்கும் காசு கொடுக்க வேண்டும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு லொறியும் பிடிக்க வேண்டும். ஏஜென்டின் கூலி முப்பது கிலோவுக்கும் முந்நூறு கிலோவுக்கும் பெரிதாக மாறாது. ஆலை நின்றுபோய், கூரியர் ஏற்க மறுத்த பெரிய தூக்கும் காந்தம் ஒன்று அவசரமாக வேண்டும் என்றால் மட்டும் இந்த வழி. மற்றபடி கப்பலுக்குக் காத்திருங்கள்.

கப்பல்: எங்கள் ஊருக்கு ஏற்ற வழி

கடலில் காந்தத்துக்குப் பயமில்லை. கடல் வழி ஆபத்தான பொருட்கள் விதிகளில் யு.என். 2807 என்ற எண் பட்டியலில் இருந்தாலும் அதற்கு அந்த விதிகள் பொருந்தாது என்றே எழுதியிருக்கிறது. திசைகாட்டிச் சோதனையும் வேண்டாம், தனி லேபலும் வேண்டாம். ஒழுங்கான மரப் பெட்டி போதும். விமானத்துக்கான பொதிக்குச் செலவாகும் காசு அப்படியே மிஞ்சும்.

முழுக் கொள்கலன் எங்களுக்குத் தேவையில்லை. பலருடைய சரக்கை ஒரே கொள்கலனில் சேர்த்து ஏற்றும் எல்.சி.எல். முறைதான் பொருத்தம். அதில் ஒரு கன மீட்டர் அல்லது ஆயிரம் கிலோ, எது கூடவோ அதற்குக் கட்டணம். குறைந்தபட்சக் கட்டணம் பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்கு. காந்தம் அடர்த்தியான சாமான் என்பது இங்கே எங்களுக்கு இலாபம். ஃபெரைட் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம், நியோடிமியம் 7.5 கிராம். முந்நூறு கிலோ காந்தம் ஒரு சின்ன மேசைக்குக் கீழே அடங்கிவிடும். ஆனால் ஒரு கன மீட்டருக்குரிய காசை நீங்கள் எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள். ஐம்பது கிலோ எடுத்தாலும் ஐந்நூறு கிலோ எடுத்தாலும் கடற்கூலி கிட்டத்தட்ட ஒன்று என்றால், கப்பலில் எடுக்கும்போது சற்றுக் கூடுதலாக எடுப்பதுதான் புத்தி.

காந்தத் தொழிற்சாலைகள் நிறைந்த நிங்போ ஒரு பெரிய துறைமுகமும்கூட. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓட்டம் மட்டும் இரண்டு வாரத்தை ஒட்டி எடுக்கும். சரக்குச் சேர்ப்பது, இறக்கிப் பிரிப்பது, சுங்கம் எல்லாம் சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்துக்கு ஆலைக்குக் காந்தம் வேண்டும் என்றால் விதைப்புக் காலத்திலேயே ஓடர் போக வேண்டும்.

இதில் விழும் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. விற்பவர் ‘கொழும்பு வரை ஃபிரைட் சேர்த்து விலை’ என்று மிகக் குறைந்த தொகை சொல்வார். சில வேளை ஃபிரைட் இலவசம் என்றே சொல்வார். அந்தக் குறைவை அங்குள்ள முகவர் இங்குள்ள முகவரிடம் சரிக்கட்டுவார். கொழும்பில் சரக்கை விடுவிக்கும் கடிதமான டி.ஓ. எடுக்கப் போகும்போது ஆவணக் கட்டணம், சரக்குப் பிரிக்கும் கட்டணம் என்று ஒரு நீளத் துண்டு கையில் வரும். பெட்டி அவர்கள் கையில் இருக்கும்போது பேரம் பேச முடியாது. ஆகவே நிங்போவில் கப்பலேற்றும் வரைக்குமான விலையை மட்டும் விற்பவரிடம் வாங்கி, கடற்கூலியைக் கொழும்பிலுள்ள ஃபிரைட் முகவரிடம் நீங்களே பேசுங்கள். பேசும்போது கொழும்பில் பெட்டியைக் கையில் எடுக்கும் வரை கட்டவேண்டிய எல்லாக் கட்டணத்தையும் எழுத்தில் கேளுங்கள். இலவச நாட்கள் எத்தனை, அதற்குப் பிறகு டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், என்ன என்பதும் அதே கடிதத்தில் வர வேண்டும்.

இந்தியாவிலிருந்து

‘சென்னை பக்கத்தில்தானே இருக்கிறது, ஏன் சீனாவுக்குப் போக வேண்டும்?’ என்பது நியாயமான கேள்வி. ஃபெரைட் கட்டி, மில்லுக்கான காந்தத் தட்டு, காந்தச் சல்லடை, தூக்கும் காந்தம் எல்லாம் இந்தியாவில் நன்றாகச் செய்கிறார்கள். மொழி தெரியும், தொலைபேசியில் அளவு சொல்லிச் செய்விக்கலாம், எங்கள் மில்லைப் போன்ற மில்லை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தயாராகச் செய்த தட்டும் சல்லடையும் வேண்டும் என்றால் நான் சீனாவைவிட இந்தியாவைத்தான் சொல்வேன்.

வரிச் சலுகையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் சலுகை பெற இந்திய உற்பத்திச் சான்றிதழ் வேண்டும். அதற்குக் குறைந்தது 35 வீதப் பெறுமதி இந்தியாவில் சேர்ந்திருக்க வேண்டும், பொருளின் சுங்கத் தலைப்பும், அதாவது சுங்கப் பட்டியலில் அதன் எண்ணும், மாறியிருக்க வேண்டும். சீனாவிலிருந்து வந்த நியோடிமியத்தை இந்தியாவில் வெட்டிப் பெட்டியில் போட்டால் அது காந்தமாக வந்து காந்தமாகவே போகிறது. தலைப்பு மாறவில்லை, சான்றிதழ் கிடைக்காது. அங்கேயே தூளிலிருந்து சுட்ட ஃபெரைட் வேறு கதை. சான்றிதழ் தர முடியுமா, உங்கள் குறியீட்டுக்குச் சலுகை இருக்கிறதா என்ற இரண்டையும் ஓடருக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனிப் பலாலியும் காங்கேசன்துறையும். 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்தது, 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம் கப்பல் வந்தது. இரண்டையும் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான். ஆனால் அவை பயணிகளுக்கான வழிகள். பயணப் பையில் வியாபாரச் சரக்குக் காந்தத்தைக் கொண்டுவரும்படி யாரிடமும் சொல்லாதீர்கள். பலமான காந்தத்தை விமானப் பையில் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும் வந்திறங்கும் இடத்தில் இன்வொய்ஸும் இறக்குமதியாளர் பதிவும் இல்லாமல் வியாபாரப் பொருளை விடுவிக்க முடியாது. தெரிந்தவர் ஒருவரை வரிசையில் நிற்கவைத்துத் தலைகுனிய வைக்க வேண்டாம். சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ கொழும்புக்கு எல்.சி.எல். போடுவதுதான் இன்றைய நேரான வழி. ஒரு காலத்தில் சீமெந்துத் தொழிற்சாலையே இயங்கிய காங்கேசன்துறையில் எங்கள் சின்னப் பெட்டிகளும் இறங்கும் நாள் வர வேண்டும். அன்று கொழும்பு போய் நானூறு கிலோமீட்டர் திரும்பி வரும் இந்தச் செலவு முழுவதும் வடக்கின் தொழிலுக்கு மிஞ்சும்.

சுங்கத்தில் என்ன நடக்கும்

எந்த வழியால் வந்தாலும் சுங்கப் பட்டியலில் காந்தத்தின் எச்.எஸ். தலைப்பு 8505. உலோக நிரந்தரக் காந்தம், அதாவது நியோடிமியம், 8505.11. ஃபெரைட் உலோகமில்லை, அது 8505.19. தூக்கும் காந்தமும் வேலைப்பொருளைப் பிடிக்கும் காந்தப் பிடியும் 8505.90. இரண்டு வகையையும் ஒரே பெட்டியில் எடுத்து இன்வொய்ஸில் ‘காந்தம்’ என்று ஒரே வரியில் எழுதினால் கேள்வி வரும். வகை, அளவு, எண்ணிக்கை, நிறை, விலை எல்லாம் தனித்தனி வரியாக வரட்டும். சட்டத்துக்குள் பொருத்தி இயந்திரப் பாகமாக வரும் சல்லடைக் காந்தத்துக்குக் குறியீடு மாறக்கூடும். அதற்குப் படமும் கையேடும் ஏஜென்டிடம் முன்பே கொடுத்துக் கேளுங்கள்.

இறக்குமதியாளருக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வரி செலுத்துபவருக்குத் தரும் டி.ஐ.என். இலக்கமும் சுங்கத்தில் பதிவும் வேண்டும். ஏஜென்ட், எங்கள் வழக்கில் வார்ஃப் கிளார்க், அசிகூடா என்ற கணினி முறையில் சுங்க அறிவிப்பான கஸ்டெக் படிவத்தைப் பதிவார். அவருக்கு வேண்டியவை இன்வொய்ஸ், பெக்கிங் லிஸ்ட், கப்பல் சரக்குச் சீட்டான பி.எல்., டி.ஓ., காப்புறுதி, வங்கியால் காசு அனுப்பிய சான்று. இவை எல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே அனுப்பலாம். விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். சம்மதிக்காதீர்கள். வங்கிக் கடிதத்தில் ஒரு தொகையும் இன்வொய்ஸில் இன்னொரு தொகையும் இருந்தால் தண்டம் உங்களுக்குத்தான், அவருக்கில்லை.

வரிக் கணக்கின் அடிப்படை சி.ஐ.எஃப். பெறுமதி: சாமான், காப்புறுதி, கூலி மூன்றும் சேர்ந்தது. கூரியரில் எடுத்தால் விமானக் கூலிக்கும் சேர்த்து வரி கட்டுகிறீர்கள் என்பதை ஒப்பிடும்போது மறக்க வேண்டாம். அதன் மேல் சுங்க வரி, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி, சில குறியீடுகளுக்கு செஸ் என்ற கூடுதல் தீர்வை. 2022 ஒக்டோபரிலிருந்து சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதம், 2024 ஜனவரியிலிருந்து வற், அதாவது பெறுமதி சேர் வரி, 18 வீதம். வற்றைச் சி.ஐ.எஃப். மேல் நேரடியாகப் போடுவதில்லை. அந்தப் பெறுமதியில் பத்து வீதத்தைக் கூட்டி, சுங்க வரி போன்ற மற்ற வரிகளையும் கூட்டி, அந்த மொத்தத்துக்குத்தான் 18 வீதம். ஒரு இலட்சம் ரூபாப் பெறுமதிக்கு மற்ற வரி ஒன்றுமே இல்லை என்று வைத்தாலும் வற் 19,800 ரூபா வரும். வற் பதிவுள்ளவர் அதைத் தன் விற்பனை வரியில் கழிக்கலாம். பதிவில்லாத மில்காரருக்கு அது முழுச் செலவு. உங்கள் குறியீட்டுக்கான வீதங்களைச் சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்து அட்டவணையில் ஓடர் கொடுக்கும் வாரத்திலேயே பாருங்கள். அவை மாறும்.

பரிசோதனைக்குப் பெட்டி தெரிவானால் ஏஜென்டிடம் சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியை இரும்பு மேசையில் திறக்க விடக் கூடாது. மரத் தட்டின் மேல் வைத்து, இரும்புக் கத்தி இல்லாமல், ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். 50க்கு 50க்கு 25 மில்லிமீட்டர் நியோடிமியக் கட்டி அரைக் கிலோகூட இல்லை. ஆனால் இரண்டு கட்டிகள் ஒன்றையொன்று தேடிப் பாய்ந்தால் இடையில் அகப்பட்ட விரல் நசுங்கும், கட்டியும் பீங்கான் மாதிரி தெறிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் அருகில் நிற்கக் கூடாது. பெட்டியின் வெளியே இதைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டி அனுப்பும்படி விற்பவரிடம் கேட்கலாம். நீங்கள் எழுதி அனுப்பினால் அச்சிட்டு ஒட்டுவார்கள்.

சேர்ந்து எடுப்பது

ஒரு கன மீட்டருக்கு எப்படியும் காசு கட்டுவது என்றான பிறகு, நான்கைந்து மில்காரர் சேர்ந்து ஒரே பெட்டியாக எடுப்பதுதான் என் கண்ணுக்கு மிகச் சிறந்த வழி. கடற்கூலி, டி.ஓ., வார்ஃப் கிளார்க், லொறி நான்கும் பங்காகப் பிரியும்; தனியாகக் கூரியரில் எடுப்பதைவிடக் கிலோவுக்கு வெகு குறைவாக வந்துசேரும். இதற்குச் சங்கமோ கூட்டுறவோ தேவையில்லை, ஒருவரை ஒருவர் நம்பினால் போதும்.

ஆனால் சுங்கத்தின் கண்ணில் இறக்குமதியாளர் ஒருவர்தான். யாருடைய டி.ஐ.என்.னில் வருகிறதோ அவர்தான் பொறுப்பாளி, மற்றவர்களுக்கு அவர் விற்றதாகத்தான் கணக்கு. ஆகவே வற் பதிவுள்ள ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அவர் பெயரில் எடுப்பது நல்லது. விற்பனைப் பற்றுச்சீட்டும் அவர் எழுத வேண்டும். செலவைக் கிலோக் கணக்கில் பிரிப்பதா, பெறுமதிக் கணக்கில் பிரிப்பதா என்பதை ஓடருக்கு முன் எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள். கூலியைக் கிலோவாலும் வரியைப் பெறுமதியாலும் பிரிப்பது நியாயம். ஃபெரைட் எடுத்தவர் நிறையால் கூடக் கட்டுவார், நியோடிமியம் எடுத்தவர் வரியால் கூடக் கட்டுவார். ஒவ்வொருவருடைய காந்தத்தையும் தனித்தனி உட்பெட்டியில் பெயரெழுதிக் கட்டும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். என்35உம் என்42உம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். லொறி வந்த பிறகு கலந்துவிட்டால் எங்கள் ஊரில் பிரித்துச் சொல்ல அளவுகருவி வைத்திருப்பவரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.